கோலாப்பூர் அம்பாபாயியின் திருவடியில் மாலை வெயில்

பிருகு முனிவர் பெருமாளின் மார்பில் உதைத்ததும், அங்கே குடியிருந்த தாயார் மனம் நொந்து வைகுண்டத்தை விட்டுப் போனதும் நமக்குத் தெரிந்த கதை. பெருமாள் திருமலைக்கு வந்தார். தாயார் போய் அமர்ந்த கரவீரம்தான் மகாராஷ்டிரத்தில் இருக்கும் இன்றைய கோலாப்பூர். அவளை ஒரு தடவையாவது சேவிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் வெகுநாள் ஆசை. சூரியக் கதிர் அவள் மேல் விழும் கிரணோத்சவ சமயமாகப் பார்த்துக் கிளம்பினோம்.

ஊர்க்காரர்களுக்கு அவள் அம்பாபாயி. சுமார் மூன்றடி உயரக் கருங்கல் திருமேனி. நான்கு கைகளில் மாதுலுங்கம் என்னும் எலுமிச்சை வகைக் கனி, கதாயுதம், கேடயம், பான பாத்திரம். இருபுறமும் மகாகாளிக்கும் மகாசரஸ்வதிக்கும் தனிச் சன்னதிகள். படையெடுப்புக் காலத்தில் மறைத்து வைத்திருந்த மூர்த்தியை 1715-இல்தான் மறுபடி எழுந்தருளச் செய்தார்களாம்.

அம்மன் மேற்கு பார்த்தவள். அதனால் ஜனவரி 31, பிப்ரவரி 1, 2 தேதிகளிலும், நவம்பர் 9, 10, 11 தேதிகளிலும் மறையும் சூரியனின் கதிர் மகாத்வாரம் வழியே நுழைந்து, கருட மண்டபத்தைக் கடந்து, நேரே கர்ப்பக்கிருகத்துக்குப் போகிறது. முதல் நாள் திருவடி, மறுநாள் மார்பு, மூன்றாம் நாள் திருமுகம்.

நாங்கள் போனது நவம்பரில், நடுநாள். கதிருக்கு வழிவிட்டுக் கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது. விளக்குகளை அணைத்தார்கள். ஐந்தே முக்கால் மணி சுமாருக்கு வெள்ளி வாசற்படியில் பொன்னிறமாக ஓர் ஒளிக்கீற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பீடமேறி, பாதம் தொட்டு, இடுப்புக்கு வந்து, மார்பில் நின்றது. சில நிமிஷம்தான். "அம்பாபாயிச்சா உதோ உதோ!" என்று மண்டபமே ஜயகோஷம் முழங்கியது. மராத்தி தெரியாத என் அம்மாவும் கூடவே சொன்னார். எனக்குக் கண்ணீர் மறைத்துவிட்டது.

மேற்கே கட்டடங்கள் உயர்ந்துவிட்டதால் சில வருஷம் கதிர் முகம் வரை எட்டுவதில்லை என்று பக்கத்தில் நின்ற பெரியவர் வருத்தப்பட்டார். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் திசை பார்த்துக் கட்டியவர்களின் உழைப்பு அது. அந்தப் பாதையை எப்பாடுபட்டாவது காக்க வேண்டும்.

மறுநாள் காலை அம்மா 'ஓட்டி' நிறைத்தார், அதாவது அம்மனுக்கு மடி நிறைக்கும் மராத்தி வழக்கம்: புடவை, ரவிக்கைத் துணி, தேங்காய், அரிசி. நவராத்திரிக்குத் திருப்பதியிலிருந்தே அம்பாபாயிக்குப் பட்டுப்புடவை வருகிறது என்று கடைக்காரம்மா சொன்னதும், அம்மா தன் பச்சைப் புடவையை இன்னொரு தரம் நீவி, மடித்துத் தட்டில் வைத்தார்.