புள்ளி வந்துவிடும், படம்தான் வராது

பொருளாதாரப் பாடத்தில் போட்டிப் பண்டம், போட்டியற்ற பண்டம் என்று முதலில் படித்தபோது, கம்பெனிகளுக்குள் நடக்கும் போட்டியைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு தேர்வையே அப்படி எழுதிவிட்டு வந்தேன். மார்க்கைக் கேட்காதீர்கள். கேள்வி இவ்வளவுதான்: நான் பயன்படுத்தினால் உங்களுக்குக் குறையுமா, குறையாதா? நான் தின்ற ஆப்பிள் உங்களுக்கு இல்லை. நாற்காலி தீர்ந்துபோவதில்லை, ஆனாலும் நான் எழுந்திருக்கும்வரை நீங்கள் நிற்கத்தான் வேண்டும். இரண்டுமே போட்டிப் பண்டம்.

குறையாத பண்டத்துக்கு, அதாவது போட்டியற்ற பண்டத்துக்கு, நான் எப்போதும் சொல்வது ஜிபிஎஸ். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் அவை பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. போன் அதைக் கேட்டுக் கணக்குப் போட்டுக்கொள்கிறது, அவற்றுக்குத் திருப்பி ஒன்றும் சொல்வதில்லை. கேட்பது ஒருவரா, நூறு கோடிப் பேரா என்று மேலே தெரியவே தெரியாது. ஆனால் அதே திரையில், நாம் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளிக்கு அடியில் விரியும் வரைபடம் செல்போன் டவர் வழியாக வருகிறது, டவரின் அலைவரிசையோ அங்கே இருப்பவர்களுக்குள் பங்குபோட வேண்டிய ஒன்று. பெருங்கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், புள்ளி வந்துவிடும், படம்தான் வராது.

இப்படிக் குறையாத பண்டங்களை 1954இல் பொருளாதார அறிஞர் பால் சாமுவேல்சன் தனியாகப் பிரித்துக் காட்டினார். அப்புறம் பலர் செய்யும் தவறு, குறையாதது என்றால் இலவசம் என்று எடுத்துக்கொள்வது. யாரையும் தடுக்க முடியுமா என்பது வேறு கேள்வி. கட்டணச் சேனல் எத்தனை பேர் பார்த்தாலும் குறையாது, ஆனால் பணம் கட்டாதவருக்குப் பூட்டு. கடல் மீன் நேர் எதிர்: தடுப்பது கஷ்டம், பிடிக்கப் பிடிக்கக் குறையும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது செய்முறைதான். வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி. சர்க்கரை தீரும், உப்பு தீரும், இந்த ஒரு வரி தீராது. இதே குணத்தை வைத்துத்தான் பால் ரோமர் என்ற பொருளாதார அறிஞர் 1990இல் பொருளாதார வளர்ச்சியை விளக்கினார், 2018இல் நோபல் கிடைத்தது.

சரி, இன்னொருவருக்குச் சொல்லச் செலவே இல்லை என்றால், கண்டுபிடிக்க ஆன செலவை யார் தருவது? அதற்குத்தான் காப்புரிமை (பேட்டன்ட்), கண்டுபிடித்தவர் அனுமதியில்லாமல் மற்றவர் பயன்படுத்தக் கூடாது என்ற உரிமை, பொதுவாக விண்ணப்பித்ததிலிருந்து 20 ஆண்டு. தீராத ஒன்றுக்கு வேண்டுமென்றே பஞ்சம் உண்டாக்கும் ஏற்பாடு இது, மருந்து விஷயத்தில் எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. பூட்டுப் போட்டால்தான் பணம் வரும் என்பதும் இல்லை. ஜிபிஎஸ் ஓடுவது அமெரிக்கர்களின் வரிப்பணத்தில்.