இரட்டை முக்கோணமும் சாமக்கொடையும்

எங்கள் ஊர் அம்மன் கோவில் திருவிழாவான கொடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே பெரியப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நிகழ்ச்சி நிரலை அனுப்பிவிட்டார். திங்கள் இரவு குடியழைப்பு, செவ்வாய் காலை பால்குடம், பிறகு மதியக்கொடை, இரவு வில்லுப்பாட்டு, அதன்பின் நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை என்று நீண்ட அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ⏩ என்ற எமோஜி நின்றது. வெளியூரில் படிக்கும் என் தம்பி மகன், "பெரிய தாத்தா, எல்லாத்தையும் வேகமா ஓட்டிவிட்டா சாமி எப்ப வந்து ஆடும்?" என்று கேட்டான். "வரிசை தெரியட்டும்னுல்லா போட்டேன்" என்று பதில் வந்தது.

குழுவே சிரித்தது, எனக்கோ பெரியப்பா பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. கணினி, கைபேசிகளில் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் பொதுத் தரமான யூனிகோடின் 2010-இல் வெளிவந்த 6.0 பதிப்பில் இந்தக் குறி சேர்க்கப்பட்டபோது அதற்கு இடப்பட்ட முறையான பெயர் 'வலப்பக்கம் நோக்கிய கருப்பு இரட்டை முக்கோணம்' என்பதுதான். (கருப்பு என்பது அங்கே நிறத்தை அன்று, உள்ளே நிரம்பிய வடிவத்தைக் குறிக்கிறது.) வேகமாக முன்னே ஓட்டும் பொத்தான் என்பது அதன் பயனைச் சொல்லும் பெயர். ஆகவே வரியின் தொடக்கத்தைக் காட்ட அதை இடுபவர்கள் பிழை செய்வதாகச் சொல்ல முடியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொத்தானின் உண்மையான பொருளை எங்கள் வீட்டில் பெரியப்பா அளவுக்கு அறிந்தவர் எவருமில்லை. அவர் கேசட்டில் பாட்டுக் கேட்டுப் பழகியவர். கேசட்டின் ஒரு பக்கத்தில் 30 நிமிடம் என்றால், நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 86 மீட்டர் நாடா ஓடியாக வேண்டும். ஒற்றை முக்கோணம் நாடா ஓடும் திசையைக் காட்டியது. இரட்டை முக்கோணம் அதே திசையில் விரைவைச் சேர்த்தது. கொடையில் பதிவு செய்துவந்த வில்லுப்பாட்டில் சுடலைமாடன் பிறப்பை மட்டும் மறுபடி கேட்க விரும்பினால், பாடும் பொத்தான் அழுந்தியிருக்கும்போதே முன்னோட்டும் பொத்தானையும் அவர் விரலால் பிடித்துக்கொள்வார். குருவிக் கூட்டம்போல் கீச்சிடும் அந்த ஒலியிலிருந்தே வில்லுப்பாட்டுக்குத் தாளமிடும் குடத்தின் அடி எங்கே மாறுகிறது என்று கண்டுபிடித்துவிடுவார். எவ்வளவு விரைந்தாலும் நாடாவில் ஓர் அங்குலத்தைக்கூட விட்டுத் தாண்டிவிட முடியாது.

தம்பி மகன் பழகியதோ வேறு. யூடியூபில் திரையின் வலப்பக்கத்தை இருமுறை தட்டினால் படம் 10 நொடி தாண்டிக் குதிக்கிறது. இடையில் இருந்தது கண்ணிலும் படாது, காதிலும் விழாது. அவன் மனத்தில் முன்னோட்டுவதும் தாண்டுவதும் ஒன்றாகிவிட்டதால்தான் அந்தக் கேள்வியே பிறந்தது. முக்கோணங்களின் வலப்புறம் ஒரு நெட்டைக்கோடு நிற்கும் ⏭ என்ற குறியைப் பெரியப்பா இட்டிருந்தால் அவன் கேலி பொருந்தியிருக்கும், ஏனெனில் அதுதான் அடுத்த பாட்டுக்கு ஒரேயடியாகத் தாவச் சொல்வது. சிலர் ⏩ குறியை 'ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் வரட்டும்' என்ற ஏக்கத்துக்கும் இடுகிறார்கள். அதையும் புரிந்துகொள்ள முடிகிறது.

மறுநாள் வில்லுப்பாட்டு நேரத்தை மாற்றித் திருத்திய பட்டியல் வந்தது. அதிலும் வரிதோறும் ⏩ தான். சாமக்கொடைக்கு மட்டும் இரண்டு.