1932 ஃபோர்டு ஆக்ஸிலில் எஃப்-1 பிக்கப் பிரேக்: முன்பக்கம் உட்கார்ந்துவிட்டது

லைனிங்கில் (டிரம்மின் உட்புறத்தில் அழுந்தும் ஷூவின்மேல் ஒட்டிய உராய்வுப் பட்டை) தேய்த்த சாக்பீஸ் இரண்டு சக்கரத்திலும் ஷூவின் நடுப்பகுதி முழுக்கச் சீராக அழிந்து வந்திருக்கிறது. ஹாட் ராடுக்கு (பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டுவது) டிரம் பிரேக் கட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். பைப்பில் இன்னும் பிரேக் ஆயில் ஏறவில்லை. ஆனாலும் ஆளைப் படுத்தும் கட்டம் தாண்டியாயிற்று, அளவுகள் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

சேர்க்கை இதுதான்: 1932 ஆக்ஸில், 1940 ஃபோர்டு காரின் வட்ட முகம் கொண்ட ஸ்பிண்டில் (சக்கரம் சுழலும் தண்டு), அதன்மேல் 1948–52 ஃபோர்டு எஃப்-1 பிக்கப்பின் முன் பேக் பிளேட் (ஷூக்களைத் தாங்கும் தகடு), ஹப், டிரம். வீல் போல்ட் வட்டம் பழைய காருக்கும் எஃப்-1க்கும் ஒன்றேதான், 5½ அங்குலத்தில் 5 போல்ட். அதனால் வீலை மாற்ற வேண்டியதில்லை.

ஃபோர்டு கார்களில் 1938 வரை கம்பி இழுக்கும் மெக்கானிக்கல் பிரேக். 1939 முதல் 1948 வரை வந்த ஹைட்ராலிக்கில் டிரம் 12 அங்குலம், லைனிங் 1¾ அங்குல அகலம். அதில் ஒவ்வொரு ஷூவும் கீழே தனித்தனி ஆங்கரில் (ஷூவின் முனையைத் தாங்கும் பின்) நிற்கும், ஒன்றுக்கொன்று உதவாது. எஃப்-1 முன் பிரேக் 11 அங்குலம், 2 அங்குல அகலம், பெண்டிக்ஸ் வகை. சுழலும் டிரம் முன் ஷூவை இழுக்க, அது அடியிலுள்ள ஸ்டார் வீல் (ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் பல் திருகு) வழியாகப் பின் ஷூவைத் தள்ளி மேல் ஆங்கர் பின்னில் அழுத்தும். மிதிக்கிற பலத்தோடு டிரம்மின் பலமும் சேர்ந்துகொள்கிறது. விட்டம் ஒரு அங்குலம் குறைந்தும் பிடிப்பு கூடுவது அதனால்தான்.

இனி ஆளைப் படுத்தும் இடம், பேக் பிளேட்டின் நடுத்துளை. பிளேட்டின் 4 போல்ட் துளைகளும் ஸ்பிண்டிலில் ஒத்துவந்ததும் வேலை முடிந்தது என்று பலர் டிரம்மை ஏற்றிவிடுகிறார்கள். போல்ட் பிளேட்டை இறுக்கும், மையப்படுத்தாது. துளைகளில் ஆட்டம் இருக்கும். மையப்படுத்துவது ஸ்பிண்டிலின் தோள்தான், அதாவது தண்டின் அடியில் வட்டமாகப் புடைத்திருக்கும் படி. 1940 ஸ்பிண்டிலின் தோள் எஃப்-1 பிளேட்டின் நடுத்துளையை நிரப்பாது, சுற்றிலும் சந்து விழும். அப்படியே முடுக்கினால் பிளேட் தன் எடையில் கீழே இறங்கி நிற்கும், ஆங்கர் பின்னும் கூடவே இறங்கும். ஷூவின் மேல்முனை டிரம்மை விட்டு விலக, லைனிங்கின் ஒரு ஓரம் மட்டும் தேயும். ஸ்டார் வீலை எவ்வளவு திருகினாலும் பெடல் கல் போல் நிற்காது.

தீர்வு லேத்தில் கடைந்த ஒரு வளையம். சாதாரண மைல்ட் ஸ்டீல் போதும். பழைய ஸ்பிண்டில்கள் ஒன்றுபோல் ஒன்று தேய்ந்திருக்காது என்பதால் அளவை யாரிடமும் கேட்காமல் இடது, வலது இரண்டையும் மைக்ரோமீட்டரில் தனித்தனியே அளக்க வேண்டும். உள்விட்டம் தோளைவிட 0.002 அங்குலம் கூடுதல், வெளிவிட்டம் பிளேட் துளையைவிட 0.002 குறைவு. தடிமன் பிளேட்டைவிட 0.010 குறைவாக இருக்கட்டும். கூடிவிட்டால் போல்ட் வளையத்தைத்தான் இறுக்கும், பிளேட் ஆடும்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் வளையத்தின் உள்விளிம்பு. ஸ்பிண்டிலின் தோள், பிளேட் உட்காரும் தட்டையான முகத்தைச் சந்திக்கும் மூலை செங்குத்தாக இருக்காது, சிறு வளைவாக உருண்டிருக்கும். அந்த வளைவு ஸ்பிண்டிலுக்குப் பலம், அதில் கை வைக்கக்கூடாது. வளையத்தின் உள்விளிம்பை 45 பாகையில் தாராளமாகச் சாய்க்காவிட்டால் அது வளைவின்மேல் ஏறிச் சாய்ந்து நிற்கும். அதன்மேல் பிளேட்டும் சாயும். விரலால் தள்ளினாலே வளையம் முகத்தோடு படிய வேண்டும், சுத்தியல் தேவைப்பட்டால் சாய்வு போதவில்லை என்று அர்த்தம். பிளேட்டை முடுக்கியபின் ஹப்பில் டயல் கேஜை (நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளில் காட்டும் அளவி) நிறுத்தி, ஷூ உரசிச் செல்லும் 6 மேடைகள்மேலும் ஓட்டிப் பாருங்கள். மேடைகளில் பள்ளம் விழுந்திருந்தால் வெல்டால் நிரப்பி மட்டமாக அரைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஷூ அதில் மாட்டிக்கொள்ளும்.

உரசல் கேட்டால் ஒரு சோதனை இருக்கிறது. சுற்றுக்கு ஒருமுறை உரசினால் குறை டிரம்மில். விடாமல் உரசினால் பிளேட்டிலோ அட்ஜஸ்ட்மென்ட்டிலோ. டிரம்மில் என்றால் ஹப்போடு சேர்த்தே லேத்தில் கடைய வேண்டும், 11.060 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. கடைந்த டிரம்முக்கு ஷூவையும் அதன் வளைவுக்கு அரைத்தாக வேண்டும். ஷூவை டிரம்முக்குள் கையால் அழுத்தினால் நடு படிந்து, இரு முனையிலும் 0.005 அங்குல ஃபீலர் (சந்தை அளக்கும் மெல்லிய தகடு) நுழைய வேண்டும். முனைகள் முதலில் தொட்டால் பிரேக் கத்தும், வெடுக்கென்று பிடிக்கும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

குட்டை லைனிங் ஷூ முன்னால், நீளமானது பின்னால். ஒரு சக்கரத்தில் இரண்டு குட்டையும் மறுபக்கம் இரண்டு நெட்டையும் போனால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஹப்போடு வரும் பேரிங்கையும் ஸ்பிண்டிலில் போட்டுப் பார்க்காமல் நம்ப வேண்டாம். ஆட்டம் தெரிந்தால் அளவுக்கேற்ற பேரிங்கோ ஸ்லீவோ தேடுங்கள்.

பொருள் வாங்குகிறவர்களுக்கு: பிளேட்டைப் பொறுத்தவரை, பென்சில்வேனியா ஹெர்ஷியிலும் கலிபோர்னியா பொமோனாவிலும் நடக்கும் பழைய உதிரிபாகச் சந்தைகளில் கிடைக்கும் அசலே என் தேர்வு. இடது, வலது ஜோடியாக, ஆங்கர் பின் தேயாததாகப் பொறுக்குங்கள். டிரம் மட்டும் புதிதாக வாங்கலாம். ஆனால் புது டிரம்மையும் ஹப்பில் ஏற்றி டயல் கேஜ் வைக்காமல் மாட்டக்கூடாது, பளபளப்பைப் பார்த்து வட்டம் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்து பைப் வேலை. 3/16 அங்குல ஸ்டீல் குழாய், முனையில் 45 பாகை டபுள் ஃப்ளேர் (குழாயின் வாயை விரித்து இரட்டையாக மடிப்பது). மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது) தரைக்கு அடியில் வருகிறது. டிரம் பிரேக்குக்கு 10 பி.எஸ்.ஐ. ரெசிடுவல் வால்வு (பெடலை விட்டபின்னும் பைப்பில் சிறிது அழுத்தத்தைத் தேக்குவது) வேண்டும். பழைய டிரம் மாஸ்டரில் அது உள்ளேயே இருக்கும், வெளியே இன்னொன்று போட்டால் பிரேக் முழுதாக விடாது. பின்னால் 1940 பிரேக்கையே இப்போதைக்கு விட்டுவைக்கிறேன். பிடிப்பு கூடியது முன்னால் இருப்பதுதான் பாதுகாப்பு, பின்னால் இருந்தால் ஈரச் சாலையில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கான பிராக்கெட்டை அட்டையில் வெட்டிவைத்திருக்கிறேன், கிளட்ச் பெடலின் தண்டுக்கு இடம் விடுவதுதான் பாக்கி.