எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் ஷூ: வாங்கும் முன் நான் பார்த்தவை

அக்கா பையன் கோபிசெட்டிபாளையத்தில் பிளஸ் ஒன் படிக்கிறான், ஓட்டப்பந்தயத்தில் நன்றாக ஓடுவான். ரொம்ப நாளாக ஒரு நைக்கி ஷூ கேட்டுக்கொண்டிருந்தான். கடையில் எட்டாயிரத்தைத் தொடுகிற மாடல். இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் அதே ஷூ 1,499 ரூபாய். "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸுங்க மாமா, இன்னைக்கு ராத்திரியோட ஆபர் முடியுதாமா, போட்டுருங்க" என்று லிங்க் அனுப்பினான். "இரு கண்ணு, பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

இந்த சர்ப்ளஸ் கதையை நம் பக்கத்து ஆட்கள் சட்டென்று நம்புவதற்குக் காரணம் உண்டு. நான் திருப்பூரில் மெர்ச்சண்டைசர், ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிப்பதுதான் வேலை. இங்கே காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன் நிஜமாகவே மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கிப் போட்டு வளர்ந்தவர்களுக்கு ஷூவும் அப்படி வரும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் மிஞ்சின சரக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சைஸ் விட்டு விட்டு இருக்கும், கலர் இரண்டோ மூன்றோ தேறும், பல பீஸில் லேபிளை வெட்டியிருப்பார்கள். அந்தத் தளத்திலோ 6 முதல் 11 வரை எல்லா சைஸும், எல்லா கலரும், பிராண்டு பெட்டியோடு. மிஞ்சின சரக்கு அப்படி வரவே வராது.

சந்தேகத்தோடு பக்கத்தின் அடிக்குப் போனேன். கோவை கிராஸ்கட் ரோடு முகவரி ஒன்றும் ஜிஎஸ்டி எண் ஒன்றும் போட்டிருந்தார்கள். அந்த எண்ணில் 15 எழுத்து, முதல் இரண்டும் மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33. இதில் இருந்தது 07, அது டெல்லி. ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே யாருடைய எண்ணையும் தேடிப் பார்க்கலாம். தேடினால் ஒரு மளிகை மொத்தக் கடையின் பெயர் வந்தது. பாவம், அவர்களுக்கே இது தெரியாமல் இருக்கலாம். என்னைக் கேட்டால், ஆன்லைன் கடையைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. இரண்டு நிமிட வேலை.

2020-இல் வந்த இ-காமர்ஸ் விதிகளின்படி, கடையின் சட்டபூர்வமான பெயர், முகவரி, குறைதீர்ப்பு அதிகாரியின் பெயர், தொடர்பு விவரம் எல்லாம் தளத்தில் இருந்தாக வேண்டும். அங்கே ஒரு ஜிமெயிலும் வாட்ஸ்அப் எண்ணும்தான். ஒரு தளத்தின் பெயர் எப்போது பதிவானது என்று காட்டும் ஹூஇஸ் (Whois) தேடலில் பார்த்தால், இந்தத் தளத்தின் பெயரையே அந்த மாதம்தான் பதிவு செய்திருந்தார்கள். பணம் கட்டும் இடத்தில் கார்டு கிடையாது, க்யூஆர் மட்டும். ஸ்கேன் செய்தால் கடைப் பெயருக்குப் பதில் யாரோ ஒரு தனி ஆளின் பெயர். அதோடு மூடிவிட்டேன். கேஷ் ஆன் டெலிவரி என்றால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் காசைக் கொடுத்த பிறகுதான் பெட்டியைப் பிரிக்க முடியும்.

அப்புறம் பையனைக் கோவை ஷோரூமுக்குக் கூட்டிப்போய் சைஸ் பார்த்தோம். சீசன் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து, பிராண்டின் சொந்தத் தளத்தின் முகவரியை நானே டைப் செய்து வாங்கினேன். பெரிய ஷாப்பிங் தளத்தில் வாங்குகிறவர்கள், விற்பவர் யார் என்ற வரியைக் கட்டாயம் பாருங்கள். தளம் ஒன்று, விற்பவர் வேறு. பெட்டி வந்ததும் அதன் ஸ்டிக்கரில் உள்ள, மாடலைக் குறிக்கும் ஸ்டைல் கோட் (style code) எண்ணை ஷூவின் நாக்கின் உட்புற லேபிளோடு ஒப்பிட்டேன். நைக்கியில் அது எழுத்தோ எண்ணோ ஆறு, ஒரு சிறுகோடு (-), பிறகு மூன்று எண். இரண்டும் ஒத்துப்போயின. எம்ஆர்பி, இறக்குமதியாளர் முகவரி, மாதம், வருடம் எல்லாம் சரியாக இருந்தன.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அனுப்பியதற்கான யுடிஆர் (UTR) எண், கட்டிய நேரம், ஸ்கிரீன்ஷாட் கையில் இருக்கட்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.