படகு வாங்குறதுக்கு முன்னாடி அதைக் கட்டிப் போட எடம் பாருங்க

இங்கிலாந்துல லஃபரோ பக்கம் சோர் ஆத்துல இருக்கிற ஒரு சின்ன மரீனாவுல (படகுகளைக் கட்டி வெக்கிற துறை) நேரோபோட்டுல, அதாவது கால்வாய்ல போற ஒல்லியான நீளப் படகுல, குடியிருக்கேன், இது மூணாவது குளிர்காலம். எப்படி வாங்குன, எங்கெல்லாம் பதிஞ்ச, குளிர்ல எப்படி இருக்கனு நெறைய பேர் கேக்குறாங்க, அதான் மொத்தத்தையும் ஒரே எடத்துல எழுதிடலாம்னு.

நான் தேட ஆரம்பிச்சப்போ படகைத்தான் தேடுனேன். ஆறு மாசம் வார வாரம் போய் படகா பாத்துட்டு இருந்தேன், 57 அடி படகு ஒண்ணு ரொம்பப் பிடிச்சுப் போய் அட்வான்ஸ் குடுக்கிற வரைக்கும் போயிட்டேன். அப்பதான் ஒருத்தர் "இதை எங்க கட்டப் போற?"னு கேட்டார். பதிலே இல்ல என்கிட்ட. அதுக்கப்புறம் ஒவ்வொரு மரீனாவா ஃபோன் பண்ணா, முக்காவாசி எடத்துல இருக்கிறது லெஷர் மூரிங்தான் (மூரிங்னா படகைக் கட்டுற எடம்). அதாவது படகை நிறுத்தலாம், வாரக்கடைசில வந்து தங்கலாம், ஆனா அதையே வீடா வெச்சுக் குடியிருக்க முடியாது, ஏன்னா குடியிருக்கிறதுக்கான பிளானிங் பர்மிஷன் அந்த எடத்துக்குக் கிடையாது. ரெசிடென்ஷியல் மூரிங் கொஞ்சமாத்தான் இருக்கு, எல்லாத்துக்கும் வெயிட்டிங் லிஸ்ட். கடைசியா எனக்குக் கெடச்ச எடம் 50 அடி படகுக்கு மட்டும்தான். 57 அடியை வாங்கியிருந்தா அது கையை விட்டுப் போயிருக்கும். அதனால யார் கேட்டாலும் மொதல்ல இதைத்தான் சொல்றேன், எடத்தை உறுதி பண்ணிட்டு அப்புறம் அந்த அளவுக்குப் படகு தேடுங்க.

(நேரோபோட்டுனா அகலம் 6 அடி 10 அங்குலம்தான். லாக்னா தண்ணி மட்டத்தை மாத்தி படகை ஏத்தி எறக்குற, ரெண்டு பக்கமும் கதவு வெச்ச தொட்டி; பழைய கால்வாய் லாக் பலதும் ஏழடி அகலத்துல கட்டுனது, அதுக்குள்ள நுழையணும்னே இந்த ஒல்லி உடம்பு. உள்ள ரெண்டு பேர் எதிர் எதிரே வந்தா ஒருத்தர் ஒதுங்கித்தான் ஆகணும்.)

அடுத்தது சர்வே, அதாவது வாங்குறதுக்கு முன்னாடி நிபுணரை வெச்சு படகைச் சோதிக்கிறது. இதுல தயவுசெஞ்சு காசு மிச்சம் பிடிக்காதீங்க. படகை தண்ணிய விட்டு வெளிய தூக்கி வெச்சுதான் பாக்கணும். சர்வேயர் அடிப்பக்கம் கருப்பு பூச்சை ஒரு காசு அகலத்துக்கு சுரண்டி, வயித்துல ஸ்கேன் எடுக்கிறப்போ தடவுவாங்களே அந்த மாதிரி ஒரு ஜெல்லைத் தடவி கருவியை வெப்பார், இரும்போட தடிமன் நம்பரா வரும். எல்லாரும் 10-6-4னு சொல்வாங்க, அடித்தகடு 10 மிமீ, பக்கத்தகடு 6, மேல கேபின் 4, புதுசா கட்டுறப்போ இருக்கிற கணக்கு அது. நான் பாத்த மொத படகுல பக்கத்தகடு 5.2, 4.9னு வந்துட்டே இருந்துச்சு, பின்னாடி தண்ணி மட்டத்துகிட்ட போனதும் 3.6. இன்சூரன்ஸ்காரங்க பொதுவா 4 மிமீக்குக் கொறஞ்சா ஒத்துக்க மாட்டாங்க, அது மேல புதுத் தகடு வெச்சு வெல்டிங் பண்ணணும், அது பெரிய செலவு. விட்டுட்டேன். சர்வேக்கும் கிரேனுக்கும் குடுத்த காசு போனது போனதுதான், ஆனா அந்த 3.6 தெரியாம வாங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இன்னிக்கும் பதறுது. ரெண்டாவது படகுல எங்க வெச்சாலும் அஞ்சுக்குக் கீழ வரல. பக்கத்தகட்டுல வெல்டிங் பண்ணியிருந்த மெக்னீசியம் கட்டி, அனோடுனு சொல்வாங்க, அது மட்டும் தேஞ்ச சோப்புக்கட்டி மாதிரி ஆயிருந்துச்சு, அது தேயறது நல்லதுதான், இரும்புக்கு பதிலா தன்னைக் குடுக்கிறதுதான் அதோட வேலை. மரீனாவுல கரையில இருந்து கரண்ட் எடுத்தா கேல்வானிக் ஐசொலேட்டர்னு ஒரு தடுப்புக் கருவி இருக்கானு கண்டிப்பா பாருங்க, இல்லேன்னா எர்த் ஒயர் வழியா பக்கத்துப் படகுகளோட தொடர்பாகி உங்க தகடு சீக்கிரம் அரிச்சுப் போகும்.

பேப்பர் வேலை நான் பயந்த அளவுக்கு இல்ல. போட் சேஃப்டி சர்டிஃபிகேட் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் இன்சூரன்ஸ், இந்த ரெண்டும் இருந்தா கால்வாய்களைப் பாத்துக்கிற கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட்ல லைசென்ஸ் போடலாம். அங்கேயும் உங்க மூரிங் எங்கனு கேப்பாங்க. இல்லேன்னாலும் லைசென்ஸ் உண்டு, ஆனா ஒரு எடத்துல பொதுவா 14 நாளைக்கு மேல நிக்காம நகந்துட்டே இருக்கணும், வேலைக்குப் போறவங்களுக்கு அது ரொம்பக் கஷ்டம். சேஃப்டி செக்குல கேஸ் விஷயத்துல ரொம்பக் கறாரா இருப்பாங்க, அது நியாயம்தான். புரொப்பேன் காத்தை விட கனம், படகு ஒரு கிண்ணம் மாதிரி, கசிஞ்சா அடியில தேங்கி நிக்கும், வெளிய போக வழியே இல்ல. அதனாலதான் சிலிண்டர் பெட்டியில கசியுற கேஸ் நேரா வெளிய போற மாதிரி ஓட்டை இருக்கணும்.

குளிரு பத்தி சொல்றேன். கரி அடுப்பு ஒண்ணு நடுவுல இருக்கு, ராத்திரி தணிச்சு வெச்சா காலைல வரைக்கும் கதகதப்பு நிக்கும். பிரச்சனை ஈரம்தான். ஒரு ஈடு இட்லி வெச்சாப் போதும், ஜன்னல் கண்ணாடி எல்லாம் அழுதுட்டு நிக்கும். அதுக்காகவோ குளிருக்காகவோ கூரையில காத்துக்காக இருக்கிற வென்ட்டை மட்டும் அடைச்சுராதீங்க, உள்ள அடுப்பு எரியுது, கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாம ஆளைக் கொல்லும். அதைக் கண்டுபிடிக்கிற அலாரம் 2019 ஏப்ரல்ல இருந்து கட்டாயம், நான் படுக்கற எடத்துல ஒண்ணு, அடுப்புகிட்ட ஒண்ணு வெச்சிருக்கேன். எங்கம்மா கேட்ட மொத கேள்வி டாய்லெட்தான். கேசட்னு கழட்டி எடுக்கிற ஒரு டப்பால சேரும், மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை தூக்கிட்டுப் போய் அதுக்குனு இருக்கிற எடத்துல கொட்டிக் கழுவணும். பழகிடுச்சு.

மத்தபடி வருஷம் முழுக்க அவ்ளோ அமைதி. காலைல அன்னம் வந்து பக்கத்தகட்டுல இருக்கிற பாசியைக் கொத்துற டொக் டொக் சத்தத்துலதான் எழுந்திருக்கேன்.

ஆனா ஆறு ஆறுதான். 2024 ஜனவரி 2 ஹென்க் புயல் வந்தப்போ சோர் ஏறின வேகம் நான் எதிர்பாக்கவே இல்ல. லாக் பக்கத்துல பச்சை, மஞ்சள், சிவப்புனு லெவல் போர்டு இருக்கும், சிவப்புக்கு வந்துட்டா படகை நகத்தவே கூடாது. எங்க மரீனாவுல படகைக் கட்டுறது மெதக்குற பாண்டூன்ல, அதாவது மெதக்குற நடைமேடை, உசரமான இரும்புத் தூணைப் பிடிச்சுக்கிட்டு தண்ணியோட சேந்து மேல வரும், அதனால கயித்தைத் தொடவே வேண்டியிருக்கல. கரையில நேரா கட்டியிருந்தவங்க பாடுதான் பாடு, இறுக்கிக் கட்டுனா படகு ஒரு பக்கமா சாயும், தளர்த்திட்டா கரைமேல ஏறிக்கும், தண்ணி வடிஞ்சதும் அங்கேயே உக்காந்துரும். பக்கத்துப் படகுப் பெரியவர் டார்ச்சை எடுத்துட்டு மணிக்கொரு தடவை எல்லார் கயித்தையும் பாத்துட்டு வந்தார், நானும் கூடவே போனேன், விடியற வரைக்கும். காரை சாயங்காலமே மேட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சொன்னதும் அவர்தான், ராத்திரில பார்க்கிங் முழுகிடுச்சு. எடம் பாக்கப் போறப்போ பாண்டூன் மெதக்குதா, தூண் எவ்ளோ உசரம், கார் எங்க நிக்கும், இந்த மூணையும் கேளுங்க. தண்ணி வடிஞ்சப்புறம் பாத்தா தூண்ல சேறு கோடு போட்ட மாதிரி படிஞ்சிருந்துச்சு, பாண்டூன்ல நின்னு கையைத் தூக்கினா எட்டல.