கொலம்பியா ஆற்றில் இலையுதிர் சீசன்: தராசுப் பக்கம் தெரிய வேண்டியவை

அமெரிக்காவின் வடமேற்கில் ஓடும் கொலம்பியா ஆற்றில், பழங்குடி மீனவர்களிடம் சால்மன் கொள்முதல் செய்யும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சீசன் என்றைக்கு ஆரம்பம், என்றைக்கு முடிவு?" தேதியாகப் பதில் சொல்ல முடியாது. இலையுதிர் காலக் கணக்கு ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 31 வரை என்று காகிதத்தில் இருக்கும். செவுள்வலை போட்டுப் பிடித்ததை விற்கலாம் என்ற அனுமதி மட்டும் வாரம் வாரமாகத்தான் வரும். பெரும்பாலும் திங்கள் காலை 6 மணிக்குத் திறந்து, வியாழன் அல்லது வெள்ளி மாலை 6 மணிக்கு மூடும். அடுத்த வாரம் உண்டா, உண்டென்றால் எத்தனை நாள் என்பது இந்த வாரம் தராசில் எத்தனை மீன் ஏறியது என்பதைப் பொறுத்தது. தராசில் நிற்பவர் எழுதும் சீட்டுதான் அடுத்த வாரத்தைத் தீர்மானிக்கிறது. இந்த வேலையின் மற்ற விதிகள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான்.

இடத்தை முதலில் சொல்லிவிடலாம். பான்னவில் அணைக்கும் மெக்நேரி அணைக்கும் நடுவே ஏறக்குறைய 146 மைல் நீளமுள்ள ஆற்றுப் பகுதிக்கு ஆறாம் மண்டலம் என்று பெயர். இங்கே வணிக மீன்பிடிப்பு யாகமா, உமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் ஆகிய நான்கு பழங்குடி அரசுகளுக்கு மட்டுமே உரியது. இது யாரும் கொடுத்த சலுகை கிடையாது. 1855 ஜூனில் நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் போட்டபோது, தாங்கள் வழக்கமாக மீன் பிடித்துவந்த இடங்களில் தொடர்ந்து பிடிக்கும் உரிமையைத் தங்களிடமே நிறுத்திக்கொண்டார்கள். அந்த உரிமை வெறும் எழுத்தாகிவிடாமல் காத்தது நீதிமன்றம். 1969-இல் நீதிபதி பெலோனி நியாயமான பங்கு தர வேண்டும் என்றார். 1974-இல் வாஷிங்டன் மாநில வழக்கில் நீதிபதி போல்ட் அந்தப் பங்கைப் பாதி என்று வகுத்தார். அந்தக் கணக்கு கொலம்பியாவுக்கும் வந்தது. பெலோனி கையில் இருந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் இன்றும் மேலாண்மை உடன்படிக்கைகள் போடப்படுகின்றன. இப்போது நடப்பில் இருப்பது 2018 முதல் 2027 வரைக்கானது.

அனுமதி வரும் வழி இது. நான்கு பழங்குடி அரசுகளும் அவரவர் விதியை அவரவரே இயற்றுகிறார்கள். பிறகு ஆரெகன், வாஷிங்டன் இரு மாநிலங்களும் சேர்ந்த காம்பாக்ட் என்ற அமைப்பு கூடி, அதற்கு இசைவாக மாநில விதியை வெளியிடும். மீனவரைக் கட்டுப்படுத்துவது பழங்குடி அரசின் விதி. வாங்குபவரைக் கட்டுப்படுத்துவது மாநில விதி. புதியவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். மீனவர் சொல்வதை மட்டும் வைத்து வாங்கக் கூடாது, காம்பாக்ட் அறிவிப்பை நீங்களே படிக்க வேண்டும். படிக்கும்போது இவற்றைத் தேடுங்கள்: எந்த நாள், எந்த மணி, எந்த வலை, எந்தக் கருவி, எந்த மீனை விற்கலாம், எந்த இடம் மூடியிருக்கிறது. அணைகளின் அடியிலும், கிளையாறுகளின் முகத்துவாரங்களிலும், ஸ்பிரிங் கிரீக் குஞ்சு பொரிப்பகத்தின் எதிரிலும் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு வலை போடக் கூடாது. அறிவிப்பில் "வழக்கமான காப்பிடங்கள் பொருந்தும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரியின் விரிவு முன்பே வெளியான விதிப் புத்தகத்தில் இருக்கும்.

இனி கணக்கு. ஆற்றில் சால்மனில் பெரிய வகையான சினூக் பல லட்சம் ஏறினாலும் அத்தனையையும் பார்த்து விதி போடுவதில்லை. அந்தக் கூட்டத்தில் கலந்து வரும், அழிவு அபாயப் பட்டியலில் உள்ள இரண்டு வகையைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். ஒன்று ஸ்னேக் ஆற்றில் இயற்கையாகப் பிறந்த இலையுதிர் சினூக். இது 1992 முதல் பட்டியலில் இருக்கிறது. இன்னொன்று 'பி' ஸ்டீல்ஹெட், அதாவது சால்மனுக்கு உறவான ஸ்டீல்ஹெட் மீன்களில் 78 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ளவை. சினூக்கில் பழங்குடிகள் எடுக்கும் விகிதம் அந்த ஆண்டின் ஓட்டத்தைப் பொறுத்து 20 முதல் 30 சதவீதம். பி ஸ்டீல்ஹெட்டில் 13 முதல் 20. இந்த இரண்டில் எது முதலில் எல்லையைத் தொடுகிறதோ அது சீசனை நிறுத்திவிடும். சினூக் கொட்டிக் கிடக்கும்போதே வலையை ஏற்றச் சொன்னால், பெரும்பாலும் காரணம் ஸ்டீல்ஹெட்தான்.

ஓட்டம் எவ்வளவு என்ற மதிப்பீடும் நிலையானதல்ல. பான்னவில் அணையை மீன்கள் ஏறிக் கடக்கக் கட்டிய படிக்கட்டான மீன் ஏணியில் கண்ணாடி ஜன்னல் வைத்து, கடந்து போகும் மீன்களை ஒவ்வொன்றாக எண்ணி அன்றாடம் வெளியிடுகிறார்கள். செப்டம்பர் இரண்டாம் வார வாக்கில் இலையுதிர் சினூக்கில் பாதி கடந்திருக்கும். அதுவரை முன்கணிப்புதான். தொழில்நுட்பக் குழு கூடி மதிப்பீட்டை ஏற்றவோ இறக்கவோ செய்யும்போது, பிடிக்க மீதமிருந்த மீனின் அளவு ஒரே நாளில் இரட்டிப்பாகலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். லாரியையும் ஐஸையும் நான்கு வாரத்துக்கு மொத்தமாகப் பேசி வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

வலைக்கண் அளவும் இதே காரணத்துக்காகத்தான். சீசனின் முற்பகுதியில் 8 அங்குலத்துக்குக் குறையாத கண் என்று விதி வரும். ஸ்டீல்ஹெட் ஒல்லியான மீன் என்பதால் அந்தக் கண்ணில் நிறையத் தப்பிவிடும்; தடித்த சினூக் செவுளில் மாட்டும். பிறகு கோஹோ என்ற இன்னொரு சால்மன் வகையின் வரத்து கூடும்போது இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவதும் உண்டு. வலை நம்மூர் வழிவலை போல ஓட விடுவதல்ல. ஒரு முனையைக் கரையிலோ நங்கூரத்திலோ கட்டி, மறு முனையையும் நங்கூரமிட்டு நிறுத்திவைக்கும் வலை. இது தவிர, பாறை ஓரத்தில் மரச் சாரம் கட்டி, வளைய வலையால் நீர்ச்சுழியில் அரித்துப் பிடிக்கும் பழைய முறையும் இருக்கிறது. சாரத்தில் பிடிப்பது ஆண்டின் பெரும்பகுதி நடக்கும். விற்பனைக்குத் திறக்காத நாளில் பிடித்தது வீட்டுச் சாப்பாட்டுக்கும் சடங்குக்கும் மட்டும்தான். அதே ஆள், அதே சாரம், அதே மீன் என்றாலும் தேதி மாறினால் வாங்கக் கூடாது. திறந்திருந்த நாளில் பிடித்ததைக் காலக்கெடு முடிந்த பிறகும் விற்கலாம். அதனால் "எப்போது பிடித்தீர்கள்?" என்பது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல. மீனவர்களும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

தராசுக்கு வருவோம். முதலில் மீனவரின் பழங்குடி அடையாள அட்டை, அதில் உள்ள பதிவு எண். பிறகு மீனை வகை பிரிக்க வேண்டும், எண்ண வேண்டும், அப்புறம்தான் நிறுக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. பாதுகாப்புக் கணக்கு மீனின் எண்ணிக்கையில் நடக்கிறது, எடையில் அல்ல. "சினூக் 640 பவுண்டு" என்று மட்டும் எழுதிய சீட்டால் யாருக்கும் பயனில்லை. பிடித்த பகுதி, கருவி, வகை, எண்ணிக்கை, எடை, விலை, முழு மீனா குடல் எடுத்ததா என்பது எல்லாம் சீட்டில் வர வேண்டும். கூட்ட நேரத்தில் பத்து கோஹோவைச் சினூக்கோடு சேர்த்து நிறுத்துவிட்டால், பிடிபடாத பத்து சினூக் அன்றைய கணக்கில் செத்ததாக ஏறிவிடும். மீனவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒதுக்கீட்டிலிருந்து அது கழியும்.

வகை பிரிக்க வாயைத் திறந்து பாருங்கள். சினூக்கின் கீழ் ஈறு, பல் முளைத்த இடம் உட்படக் கருப்பு. கோஹோவுக்கு வாய் கருப்பாக இருந்தாலும் பல் வரிசை ஓரத்தில் ஈறு வெளுத்திருக்கும். ஸ்டீல்ஹெட்டுக்கு வாய் முழுக்க வெள்ளை. அடுத்து வால். சினூக்குக்கு மேல் பாதியிலும் கீழ் பாதியிலும் புள்ளி. கோஹோவுக்கு மேல் பாதியில் மட்டும். ஸ்டீல்ஹெட்டுக்கு வால் முழுக்கப் புள்ளி வரிசை, வால் ஓரமும் வெட்டினாற்போல் நேராக இருக்கும். இன்னும் சந்தேகமென்றால் குதத்துடுப்பின் கதிர்களை எண்ணலாம். ஸ்டீல்ஹெட்டுக்குப் பன்னிரண்டைத் தாண்டாது, சால்மன்களுக்குப் பதின்மூன்றும் மேலும். இரவு பத்து மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் வாய்தான் கைகொடுக்கும், வால் சேறாக இருக்கும். (நம் ஊரில் காலா மீனை 'இந்தியன் சால்மன்' என்று விற்பார்கள். அதற்கும் இதற்கும் உறவு இல்லை.)

சினூக்கிலேயே இரண்டு தரம். முதலில் வரும் டூலி, முட்டையிடும் தருவாயில் இருப்பதால் தோல் கறுத்து, சதை வெளிறி, எண்ணெய் வற்றிப்போயிருக்கும். ஹான்ஃபோர்ட் பகுதிக்கும் அதற்கு மேலும் போகிற 'பிரைட்' வெள்ளி மின்னும், சதை சிவப்பு. விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. வாதம் வரும் இடமும் இதுதான். தோலைப் பார்த்து முடிவு சொல்லாமல், வயிற்றுச் சதையில் சின்னதாக ஒரு கீறல் போட்டு இருவரும் நிறத்தைப் பார்த்துவிட்டால் பேச்சு நீளாது.

தரம் கெடுவது பெரும்பாலும் படகிலேயே. ஆகஸ்ட் கடைசியில் ஆற்று நீரே 20 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரவெல்லாம் வலையில் கிடந்து செத்த மீன் காலையில் குழைந்திருக்கும். உயிரோடு வந்ததைச் செவுள் வளைவில் ஒரு பக்கம் அறுத்து விட்டால் இதயமே ரத்தத்தை வெளியே தள்ளிவிடும். செத்ததை அறுத்து லாபம் இல்லை. ஐஸ் கணக்கு, இரண்டு பவுண்டு மீனுக்கு ஒரு பவுண்டு என்பது குறைந்தபட்சம். பள்ளத்தாக்கில் வெயில் கொளுத்தும் நாளில் சரிக்குச் சரி. ஐஸோடு கொஞ்சம் தண்ணீர் கலந்து கூழாக வைத்தால் வெறும் ஐஸை விட வேகமாகக் குளிரும். முதுகுத் துடுப்புக்குக் கீழே, எலும்பை ஒட்டிய தடித்த சதையில் வெப்பமானியைக் குத்தி 4 டிகிரிக்குக் கீழே இறங்கியதா என்று பாருங்கள். மேல்தோல் சில்லென்று இருப்பதை நம்ப வேண்டாம். வாலைப் பிடித்துத் தூக்கி எறியும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். முதுகெலும்பு ஓரம் ரத்தம் கசிந்து, அறுக்கும்போது சதையில் கருஞ்சிவப்புத் திட்டாகத் தெரியும். விறைத்த மீனை வளைத்துத் தொட்டியில் திணித்தால் சதை இதழ் இதழாகப் பிளக்கும்.

சால்மன் அல்லாத ஸ்டர்ஜன் என்ற பெரிய மீன் விஷயத்தில் ஊர்ப் பெயர்கள் ஏமாற்றும். சட்டப்படியான நீளம் பான்னவில் நீர்த்தேக்கத்தில் 38 முதல் 54 அங்குலம். டாலஸ், ஜான் டே நீர்த்தேக்கங்களில் 43 முதல் 54. டாலஸ் என்ற ஊரில் நின்று வாங்குகிறோம், அதனால் டாலஸ் நீர்த்தேக்க விதி என்று நினைப்பார்கள். அந்த ஊர் டாலஸ் அணைக்குக் கீழே, பான்னவில் நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கிறது. டாலஸ் நீர்த்தேக்கம் அணைக்கு மேலே, ஜான் டே அணை வரைக்கும். 1957 மார்ச் 10 அன்று செலைலோ அருவியை மூழ்கடித்த நீர் அதுதான். ஆக 41 அங்குல மீன் ஒன்று கீழே பிடித்ததானால் சரி, பத்து மைல் மேலே பிடித்ததானால் குற்றம். மீனை எங்கே வாங்குகிறீர்கள் என்பது கணக்கல்ல, எங்கே பிடித்தது என்பதுதான். அளவும் மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரைதான். வால் முனை வரை நீட்டி அளந்தால் 43 வராதது வந்ததாகத் தெரியும். நாடாவை உடலின் வளைவோடு வளைக்காமல், பலகையில் மீனைக் கிடத்தி நேராக அளக்க வேண்டும். பான்னவிலுக்குக் கீழே சாரத்திலும் தூண்டிலிலும் பிடிக்கும் ஏற்பாடு உண்டு. அங்கே பிடித்த ஸ்டர்ஜனை வைத்துக்கொள்ளவே அனுமதி இல்லை.

வீட்டுக்கு இரண்டு மீன் வாங்குபவர்களுக்கு உரிமம் வேண்டாம். கேஸ்கேட் லாக்ஸ் படகுத்துறையிலும், லோன் பைனிலும், செலைலோ கிராமத்திலும் மீனவர்களே நேரடியாக விற்பார்கள். கையில் பணம், ஐஸ் போட்ட பெட்டி, கிளம்பும்போது ரசீது. வழியில் அதிகாரி கேட்டால் காட்ட அந்த ரசீதுதான் சாட்சி. அணையைச் சேர்ந்த ராணுவப் பொறியாளர் பிரிவு நிலத்தில் விற்பனைக்கு அனுமதி இல்லை, அதனால் மீனவர் "அந்தப் பக்கம் வாருங்கள்" என்று சாலை தாண்டிக் கூப்பிட்டால் சந்தேகப்பட வேண்டாம். பழங்குடி மீன்வள ஆணையம் நடத்தும் தொலைபேசிச் சேவையில் எங்கே விற்கிறார்கள் என்று சொல்வார்கள். அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் 1855.

தராசுப் பக்கம் இன்னொருவரும் வந்து நிற்பார், மாதிரி எடுப்பவர். முதுகில் கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்ட மீனைத் தேடி, ஒரு கருவியை மூக்கில் ஓட்டுவார். சத்தம் வந்தால் உள்ளே ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் எண் பொறித்த கம்பித் துண்டு இருக்கிறது என்று அர்த்தம். எந்தப் பொரிப்பகத்தில், எந்த ஆண்டு விட்ட குஞ்சு என்பது அதில் தெரியும். மூக்கை அறுத்து எடுத்துக்கொள்வார், அதனால் அந்த மீனை முழு மீனாக விற்க முடியாது. ஃபில்லே போடும், அதாவது எலும்பு நீக்கிச் சதையை அறுக்கும் வரிசைக்குத் தள்ளுங்கள். அவர் வரும்முன் தலையை வெட்டி வீசிவிட வேண்டாம். லாரி கிளம்ப வேண்டும் என்ற அவசரத்தில் அதுதான் அடிக்கடி நடக்கிறது.