அட்டென்டன்ஸ் எடுக்காத ஊர்

முதல் வகுப்பு முடிந்ததும் ஹால் முழுக்க மேசையைத் தட்டினார்கள். மதுரையில் பெஞ்சைத் தட்டினால் ஒன்று கானா, இல்லை கலாட்டா. பேராசிரியர் முகத்தைப் பார்த்தேன். மனிதர் சிரித்தபடி லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் வகுப்பு முடிந்தால் கைதட்டுவதில்லையாம், விரல் முட்டியால் மேசையில் தட்டுவார்களாம். சரி என்று நானும் தட்டி வைத்தேன்.

நான் படிக்கும் ஆகன் நகரத்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1870-இல் தொடங்கியது. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐ.ஐ.டி. வந்தபோது, அதற்குத் துணைநின்ற பல்கலைக்கழகங்களில் இதுவும் ஒன்று. இது தெரிந்ததிலிருந்து எங்கள் சித்தப்பா, "ஐ.ஐ.டி. கிடைக்காத பய, ஐ.ஐ.டி.க்கே பாடம் சொன்ன இடத்துல போய் உக்காந்துட்டான்" என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் விசாவுக்காக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க விடும் வங்கிக் கணக்கில், போட்டுக் காட்ட வேண்டும். அதற்கு அப்பா வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனதை இங்கே எழுத வேண்டாம்.

நான் சொல்ல வந்தது அட்டென்டன்ஸ் பற்றி. ஊரில் எழுபத்தைந்து சதவீதம் இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது. ஒருமுறை எனக்குக் குறைந்துபோய், அப்பா கடையைப் பூட்டிவிட்டு, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு ஹெச்.ஓ.டி. அறை வாசலில் நின்றார். இங்கே விரிவுரைக்கு வந்தாயா, தூங்கினாயா, உயிரோடு இருக்கிறாயா, யாரும் கேட்பதில்லை. முதல் மாதம் சொர்க்கம்தான். இன்டர்னல் இல்லை, மாடல் எக்ஸாம் இல்லை. பல பாடங்களுக்குக் கடைசியில் ஒரே ஒரு தேர்வு. அதற்கும் நாமேதான் இணையத்தில் பெயர் பதிய வேண்டும். மறந்தால் மறந்ததுதான், கூப்பிட்டு நினைவூட்ட ஆளில்லை.

அப்புறம்தான் விதிகளைப் படித்தேன். கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்று முறை தோற்றால் படிப்பு அதோடு முடிந்தது. பல மாநிலங்களில், அதே படிப்பை நாட்டின் வேறு பல்கலைக்கழகத்தில் தொடரவும் விடமாட்டார்கள். அன்றிரவு எனக்கு எங்கள் அரியர் அண்ணன் ஞாபகம் வந்தது.

கோர்ஸ் முடிந்து போன பிறகும் ஒவ்வொரு செமஸ்டரும் எம்-3 என்கிற மூன்றாவது கணக்குத் தாளை எழுத மட்டும் அவர் வருவார். ஹாஸ்டலில் எங்கள் அறையில்தான் தங்குவார். பரோட்டா வாங்கிக் கொடுத்து, எங்களிடமே ஃபூரியர் தொடர் சொல்லிக்கொடுக்கச் சொல்வார். கிளியரான அன்று மெஸ்ஸுக்கே பிரியாணி போட்டார், வார்டனுக்குத் தனிப் பொட்டலம். இந்த நாட்டில் அப்படி ஒரு மனிதர் உருவாகவே வழியில்லை. ஜெர்மன் கல்விமுறை மேல் எனக்கிருக்கும் ஒரே பெரிய வருத்தம் அதுதான்.

மற்றபடி பழகிவிட்டது. ஞாயிறு கடை திறக்காது என்று சனிக்கிழமையே பால் வாங்கி வைக்கிறேன். இங்கே மதிப்பெண்ணில் 1.0 தான் உச்சம், 4.0 வரை பாஸ் என்று அம்மாவுக்கும் புரியவைத்தாயிற்று. தேர்வுக்குப் பின் திருத்திய தாளை உட்கார்ந்து பார்க்க ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். ஊரில் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் பணம் கட்டிக் காத்திருந்தவனுக்கு இது பெரிய மரியாதை. போன முறை என் தாளைப் புரட்டி, அரை மதிப்பெண்ணுக்கு உதவியாளரிடம் மன்றாடிக்கொண்டிருந்தேன். வாய் ஜெர்மனில் பேச, மனசு "சார், பார்த்துப் போடுங்க சார்" என்றது.

இருட்டோடு எழுந்து எட்டரை மணி வகுப்புக்குப் போகும் குளிர்காலக் காலைகளில், யாராவது என் ரோல் நம்பரைக் கூப்பிட மாட்டார்களா என்றிருக்கும். இந்த மூன்று முறை விதியை அரியர் அண்ணனிடம் போனில் சொன்னேன். ஸ்ரீபெரும்புதூரில் நல்ல வேலையில் இருக்கிறார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தம்பி, மூணுல ஒண்ணை எனக்காக விட்டு வைக்காத, முதல்லயே பாஸ் பண்ணிடு" என்றார்.